சைக்கிள்காரர்களின் மண்ணாசை

மண், பெண், பொன் என்று மூன்று ஆசைகளைப் பெரியவர்கள் பட்டியல் போட்டு எச்சரித்திருக்கிறார்கள். இதில் மண்ணாசை என்றால் நமக்குத் தெரிந்ததெல்லாம் கிரவுண்டு என்ன விலை, பட்டா யார் பேரில், பஸ் ஸ்டாண்டிலிருந்து எத்தனை நிமிஷ நடை என்பதுதான். மண்ணை மண்ணுக்காகவே நேசிக்கிறவர்கள் குறைவு. ஒரு பிடி அள்ளி, பிசைந்து, விரலிடுக்கில் தேய்த்து, "அடடா, என்ன மண்ணு சார் இது!" என்று சொக்கிப் போகிறவர்கள் எனக்குத் தெரிந்து மூன்று வகை. விவசாயி, குயவர், கிரிக்கெட் பிட்ச் போடுகிறவர். நாலாவதாக ஒரு கோஷ்டி இருப்பது கொஞ்ச நாள் முன்னால்தான் தெரிந்தது. மலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள். சரியாகச் சொன்னால், அவர்கள் ஓட்டுவதற்குப் பாதை போடுகிறவர்கள்.

"சைக்கிள் ஓட்ட எதுக்குய்யா தனியா பாதை? மலைதான் இருக்கே, ஏறி இறங்க வேண்டியதுதானே?" என்பீர்கள். நியாயமான கேள்வி. ஆரம்பத்தில் அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

கலிபோர்னியாவில் சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டி என்று ஒரு பிரதேசம். 1970களில் அங்கே சில இளைஞர்கள், ரொம்ப வருஷத்துக்கு முந்தைய தடி டயர் சைக்கிள்களைக் காயலான் கடை விலைக்கு வாங்கி, மலை மேலே கொண்டு போய், அங்கிருந்து கீழே விட்டார்கள். 1976 அக்டோபர் 21ஆம் தேதி முதல் போட்டி. சுமார் 2 மைல் தூரத்துக்குள் 1,300 அடி இறக்கம். பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கிற பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் பின் சக்கரத்து ஹப்பில் இருக்கிற கிரீஸ் எல்லாம் சூடேறிப் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அந்த 'மறுபடி அடைக்கிற' வேலைக்கான இங்கிலீஷ் வார்த்தையே பாதைக்குப் பெயராகி 'ரீபேக்' என்று சரித்திரத்தில் ஏறிவிட்டது. முதல் போட்டியில் ஜெயித்தவர், விழாமல் வந்து சேர்ந்தவர் என்கிற ஒரே தகுதியில் ஜெயித்தார் என்று சொல்வார்கள்.

அந்த கோஷ்டியில் இருந்த ஜோ பிரீஸ், 1977இல் மலைக்கென்றே ஒரு சைக்கிள் செய்தார். அது இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் மியூசியத்தின் சொத்து. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் இந்தப் போட்டியைச் சேர்த்தும் விட்டார்கள். காயலான் கடையிலிருந்து ஒலிம்பிக்ஸுக்கு இருபதே வருஷம்!

*

நடுவில் ஒரு பெரிய தகராறு நடந்தது. மலைப் பாதைகளில் காலங்காலமாக நடந்து போகிறவர்கள் இருந்தார்கள். குதிரையில் போகிறவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவே திடீரென்று 'விர்ர்' என்று ஒரு சைக்கிள் வந்தால் எப்படி இருக்கும்? அமைதி போச்சு என்றார்கள். அதோடு இன்னொரு குற்றச்சாட்டும் சேர்ந்தது: "இவங்க டயரால பாதையெல்லாம் வாய்க்காலாப் போச்சு. மண்ணு அரிச்சுட்டுப் போகுது." விளைவு, இந்த விளையாட்டு பிறந்த அதே மரின் கவுண்டியில், டாமல்பயஸ் மலையின் ஒற்றையடிப் பாதைகளில் 1980களில் சைக்கிளுக்குத் தடை விழுந்தது. அகலமான தீயணைப்புச் சாலையில் மட்டும் போகலாம், அதுவும் மணிக்கு 15 மைலுக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு. பிறந்த வீட்டிலேயே வாசலில் நிறுத்திப் பேசி அனுப்பின மாதிரி!

சைக்கிள்காரர்கள் 1988இல் சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். ஐம்பா என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். 1994இல் வெளியான ஓர் ஆராய்ச்சியும் அவர்கள் கைக்குக் கிடைத்தது. வில்சன், சீனி என்று இரண்டு பேர் மொன்டானா மாகாணத்து மலைப் பாதைகளில் குதிரை, மனுஷன், மோட்டார் சைக்கிள், சைக்கிள் நாலையும் விட்டுப் பார்த்து, எது அதிகமாக மண்ணைக் கிளப்புகிறது என்று அளந்தார்கள். ஜெயித்தது குதிரை. குளம்பு பட்ட இடத்தில் கிளம்பின மண்ணுக்குப் பக்கத்தில் சைக்கிள் டயர் நிற்கவில்லை.

ஆனால் இதைக் காட்டி வாதாடலாமே தவிர, ஜெயிக்க முடியாது. பாதையைத் திறப்பதா மூடுவதா என்று முடிவு செய்ய வருகிற அதிகாரி, கட்டுரையைப் படித்துக் கொண்டா நிற்பார்? குனிந்து பாதையைப் பார்ப்பார். நடுவில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம், பக்கத்தில் வேரெல்லாம் வெளியே தெரிகிறது, மழைத் தண்ணீர் செம்மண் கரைசலாக ஓடைக்குள் இறங்குகிறது என்றால், "மூடுப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஓடையில் மீன் இருக்கிறது, அந்தத் தண்ணீரைக் குடிக்கிற ஊர் இருக்கிறது.

ஆக, மண் நின்றால் பாதை நிற்கும். பாதை நின்றால்தான் விளையாட்டே. இவர்களுக்கு மண் மேல் ஆசை வந்தது கவிதை எழுதுவதற்காக இல்லை.

*

என் அக்கா பையன் கனடாவில் வடக்கு வான்கூவரில் இருக்கிறான். அங்கே நான் போயிருந்த சமயம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, "மாமா, நாளைக்கு டிரெயில் வேலை இருக்கு. வர்றீங்களா?" என்றான்.

"சைக்கிள் ஓட்டவாடா? இந்த வயசுலயா?"

"ஓட்ட இல்ல மாமா. வாளி தூக்க."

வான்கூவர் ஊருக்கு வடக்கே நெட்டாக எழும்புகிற மலைகளை நார்த் ஷோர் என்கிறார்கள். வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற சரிவுகள். நம்ம சென்னையில் சராசரி 1,400 மில்லிமீட்டர்; அதற்கே என்ன பாடு படுகிறோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். இந்த மழைக் காட்டுக்குள் யாரையும் கேட்காமல் பாதை போட ஆரம்பித்து, பிறகு தகராறாகி, 1997இல் சங்கம் வைத்து, அனுமதியோடு முறையாகச் செய்கிற நிலைக்கு வந்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை எட்டு பேர் கூடினோம். தலைமை ஓர் ஐம்பத்தைந்து வயது அம்மாள். ரிட்டயரான டீச்சராம். குரலிலேயே தெரிந்தது. சம்பளம் யாருக்கும் கிடையாது. மத்தியானம் ஒரு சாண்ட்விச் உண்டு. ரிப்பேர் பண்ண வேண்டிய இடம் மொத்தம் நாலு மீட்டர் நீளம். ஒரு சேற்றுக் குழி. அதில் இறங்க மனசு வராமல் எல்லாரும் ஓரமாகப் போய்ப் போய், பாதை மூன்று மடங்கு அகலமாகி, பக்கத்துப் பெரணிச் செடியெல்லாம் நசுங்கிக் கிடந்தது.

சுற்றிலும் காட்டில் கன்னங்கரேலென்று மண் இருக்கிறது. கையில் அள்ளினால் கேக் மாதிரி உதிர்கிறது. "இதையே அள்ளிக் கொட்டினால் என்ன?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள் சிரித்தார். அவர் சொன்னதை நம்ம பாஷையில் சொன்னால் இப்படி: "இது துளசிச் செடிக்குப் போடுங்க, உங்க பேரைச் சொல்லும். பாதையில போடாதீங்க. இது மண்ணே இல்ல. இலையும் கட்டையும் மக்கினது. ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணியை உறிஞ்சி வெச்சுக்கும். மிதிச்சா அமுங்கும். ரெண்டு வருஷத்துல மக்கிக் காணாமலே போயிடும். செடிக்குச் சாப்பாடு, பாதைக்கு வியாதி."

அப்புறம் எங்களைப் பாதையிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போனார். மக்கின அடுக்கை ஓர் அடி, ஒன்றரை அடி வெட்டி ஒதுக்கினதும் உள்ளே வேறு நிறம். பழுப்பும் மஞ்சளும் கலந்து, பொடிக் கல்லோடு பளிச்சென்று ஒரு மண். "கோல்ட்" என்றான் அக்கா பையன், நகைக் கடையில் நிற்கிற முகத்தோடு. இந்த அடிமண்ணுக்கு அங்கே பாதை போடுகிறவர்கள் வைத்திருக்கிற பெயரே தங்கம்தான். நான் இதுவரைக்கும் பார்த்த தங்கத்தில் வாளி வாளியாகத் தூக்கக் கொடுத்தது இது ஒன்றுதான்.

*

தங்கத்தில் மாற்று பார்க்கிற மாதிரி இந்த மண்ணுக்கும் உரைகல் உண்டு. இரண்டு சோதனை. இரண்டும் உங்கள் வீட்டுக் கொல்லையிலேயே செய்யலாம்.

முதலாவது பாட்டில் சோதனை. ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதிக்குத் தண்ணீர். நன்றாகக் குலுக்கி வைத்துவிட்டு வேடிக்கை பாருங்கள். ஒரு நிமிஷத்துக்குள் அடியில் உட்கார்கிறது மணல். சில மணி நேரத்தில் அதன் மேல் உட்கார்கிறது வண்டல். ஒரு நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகி, அலட்டிக் கொள்ளாமல் மெதுவாக இறங்குகிறது களி. மூன்று அடுக்கையும் ஸ்கேல் வைத்து அளந்தால் உங்கள் மண்ணின் ஜாதகம் ரெடி. வித்தியாசம் எல்லாம் சைஸில்தான். மணல் என்றால் 2 மில்லிமீட்டரிலிருந்து 0.05 மில்லிமீட்டர் வரை. அங்கிருந்து 0.002 வரைக்கும் வண்டல். அதற்கும் கீழே போனால் களி.

இரண்டாவது நாடா சோதனை. ஈரமண்ணைப் பிசைந்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நாடா மாதிரி தள்ளிக் கொண்டே போக வேண்டும். ஓர் அங்குலத்துக்குள் அறுந்து விழுந்தால் களி கம்மி. ஓர் அங்குலத்திலிருந்து இரண்டு வரை நீண்டால் நடுத்தரம். இரண்டைத் தாண்டியும் அறுந்து விழாமல் தொங்கினால் அது குயவர் வீட்டுக்குப் போக வேண்டிய மண். அந்த டீச்சரம்மாள் பேசிக் கொண்டே, பார்க்காமலே, நாடா விட்டுக் கொண்டிருந்தார். நம் பாட்டிமார் திரி திரிப்பது ஞாபகம் வந்தது.

சரி, எது எவ்வளவு இருக்க வேண்டும்? இதற்கு லட்டு பிடித்துப் பார்த்தவர்கள் சுலபமாகப் பதில் சொல்லிவிடலாம். மணலும் பொடிக் கல்லும்தான் பூந்தி. பாரத்தைத் தாங்குவது அதுதான். களிதான் பாகு. பிடித்து வைப்பது அதுதான். பாகு கம்மியானால் லட்டு உதிர்ந்து போகும். வெறும் மணலில் சைக்கிள் விட்டால் சக்கரம் புதையும், வளைவில் சறுக்கும். பாகு அதிகமானால் கையெல்லாம் பிசுபிசு. வெறும் களியில் மழை பெய்தால் டயரில் அப்பிக் கொண்டு சக்கரமே சுற்றாது, வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடிக்கும். மண் சுவர் எழுப்புகிறவர்களும் பாதை போடுகிறவர்களும் ஏறக்குறைய ஒரே கணக்கில்தான் தொடங்குகிறார்கள்: மணலும் பொடிக் கல்லும் சேர்ந்து 70 பங்கு, களியும் வண்டலும் சேர்ந்து 30 பங்கு. அப்புறம் ஊர் மழைக்கும் வெயிலுக்கும் தக்கபடி கூட்டிக் குறைத்துக் கொள்வது.

இதில் வண்டல்தான் வில்லன். மணல் மாதிரி பாரமும் தாங்காது, களி மாதிரி ஒட்டவும் ஒட்டாது. காய்ந்தால் புழுதி, நனைந்தால் கூழ், ஓடுகிற தண்ணீரில் முதலில் கிளம்புவதும் அதுதான். பனிப் பிரதேசமாக இருந்தால் இன்னும் மோசம். நிலத்தடி ஈரத்தை மேலே இழுத்து, உள்ளே பனிக்கட்டியாக்கி, பாதையையே உப்ப வைத்துவிடும். வயலுக்கு மகராசி, பாதைக்கு மாமியார்.

பூந்தியிலும் ஒரு சூட்சுமம். ஆற்றுக் கூழாங்கல்லைப் பார்க்க அழகாக இருக்கிறதே என்று கொட்டினால், உருண்டை உருண்டையாக டயருக்கு அடியில் கோலிக்குண்டு மாதிரி ஓடும். கிரஷரில் உடைத்த கல்தான் வேண்டும். முனையும் கோணலுமாக இருந்தால்தான் ஒன்றோடு ஒன்று கோத்துக் கொள்ளும். அதிலும் பெரிசு, சின்னது, பொடி எல்லாம் கலந்து இருந்தால்தான் பெரிசின் சந்தில் சின்னது, சின்னதின் சந்தில் பொடி என்று அடைத்துக் கொள்ளும். ஜல்லியைச் சலித்து, ஒரே சைஸில் கொண்டு வந்து கொட்டுகிறவரைத் திருப்பி அனுப்பி விட வேண்டும்.

*

பாகுப் பதம் மாதிரி மண்ணுக்கும் ஒரு பதம் உண்டு. இதை 1933இல் கணக்கோடு எழுதிக் காட்டினவர் ரால்ஃப் பிராக்டர் என்கிற லாஸ் ஏஞ்சலஸ் குடிநீர் இலாகா எஞ்சினியர். அணை கட்டுவதற்காக மண்ணைத் தட்டித் தட்டிப் பார்த்தவர். காய்ந்த மண்ணை எவ்வளவு இடித்தாலும் இறுகாது. சொதசொத மண்ணை இடித்தால் நடுவில் இருக்கிற தண்ணீர் இடம் கொடுக்காது. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஈரப் பதத்தில்தான் மண் அதிகபட்சமாக இறுகும். அந்தப் பதத்தைக் கண்டுபிடிக்க லேபுக்குப் போக வேண்டியதில்லை. உள்ளங்கையில் வைத்து உருண்டை பிடியுங்கள். பிடிபட வேண்டும், கையில் தண்ணீர் கசியக் கூடாது. இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டால் நாலைந்து துண்டாக உடைய வேண்டும். பொடிப்பொடியானால் தண்ணீர் தெளி. சொத்தென்று தட்டையானால் காய விடு.

அடுத்தது அடுக்கு. ஒரேயடியாக ஒன்றரை அடி உயரத்துக்குக் கொட்டி மேலே தட்டினால், மேல் தோல்தான் இறுகும், உள்ளே எல்லாம் புஸ். நாலு அங்குலம், மிஞ்சினால் ஆறு அங்குலம் போட்டு, திமிசுக் கட்டையால் இடித்து, அதன் மேல் அடுத்த அடுக்கு. வளைவில் சைக்கிள் சாய்ந்து திரும்புவதற்காக வெளிப்பக்கம் ஏற்றிக் கட்டுகிற மண் அணை இருக்கிறதே, அது உடைந்தால் பழைய மண் மேலே அப்படியே புதுசை அப்பக் கூடாது. நம் கொத்தனார் பழைய சுவரில் பூசுவதற்கு முன்னால் கொத்தி விட்டு, தண்ணீர் அடித்து, அப்புறம்தானே பூசுவார்? அதே சங்கதி. இல்லாவிட்டால் முதல் பலமான சைக்கிள்காரன் வளைவில் சாயும்போது புது அடுக்கு மட்டும் அப்பளமாகப் பெயர்ந்து வரும். அவனுடைய காலர் எலும்பும் கூடவே.

*

இவ்வளவு தெரிந்த பிறகு அந்த நாலு மீட்டரில் நேராகத் தங்கத்தைக் கொட்டுவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் முதல் வாளியோடு தயாராக நின்றேன். டீச்சரம்மாள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, ஒரு கேள்வி கேட்டார். "தண்ணி எங்கேர்ந்து வருது, எங்கே போகணும்?"

அரை மணி நேரம் யாரும் மண்ணைத் தொடவில்லை. மேலும் கீழும் நடந்து தண்ணீர் வருகிற வழியைப் பார்த்தார்கள். மேலே ஓர் இடத்தில் சரிவிலிருந்து கசிந்து, பாதையையே வாய்க்காலாக்கி ஓடி வந்து, இங்கே தேங்குகிறது. முதலில் மேலேயே அதைக் குறுக்கே வெட்டிப் பள்ளத்துப் பக்கம் திருப்பினார்கள். அப்புறம் சேற்றையெல்லாம் கெட்டித் தரை தட்டுகிற வரை வழித்து எறிந்தார்கள். தட்டையான கற்களை நெருக்கி நட்டார்கள். அதன் மேல்தான் தங்கம். ஒவ்வோர் அடுக்காகத் திமிசு. கடைசியில், பாதையின் வெளி ஓரம் கொஞ்சம் தாழ்வாக இருக்கிறதா என்று மட்டம் பார்த்தார்கள். நம் ஊர் மேஸ்திரி மொட்டை மாடிக்கு 'வாட்டம்' கொடுப்பார் பாருங்கள், அதேதான். நூற்றுக்கு ஐந்து வாட்டம்.

இதற்கு ஐம்பாக்காரர்கள் வைத்திருக்கிற கணக்கும் சுலபம். மலைச் சரிவு எவ்வளவோ, பாதையின் சரிவு அதில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தண்ணீர் பாதையைக் கடந்து போகாமல், பாதை வழியாகவே பிரயாணம் செய்ய ஆரம்பித்துவிடும். மொத்தத்தில் பாதையின் சராசரிச் சரிவு நூற்றுக்குப் பத்துக்குள் இருக்கட்டும். நடுநடுவே சின்னதாக ஓர் ஏற்றம் வைத்துத் தண்ணீரை இறக்கி விடு. அவ்வளவுதான். சைக்கிளுக்குப் பாதை போடுவது என்பது முக்கால்வாசி தண்ணீருக்குப் பாதை போடுவதுதான். தண்ணீருக்கு வழி விடாமல் எந்தக் கலவையைக் கொட்டினாலும், பத்தரை மாற்றுத் தங்கமாகவே இருந்தாலும், அடுத்த மழையில் ஓடைக்குப் போய்விடும்.

எட்டு பேர், நாலு மீட்டர், வேலை முடிய மத்தியானம் இரண்டு மணி. என் கணக்கில் பத்தொன்பது வாளி. இருபதாவது வாளியை அக்கா பையன் என்னிடமிருந்து வாங்கிக் கொண்டான். முதுகு அவனுக்கு நன்றி சொல்லியது.

*

'சரி, அந்தக் கலவையை மூட்டை கட்டி எல்லா ஊருக்கும் அனுப்பலாமே' என்று வியாபார மூளைக்காரர்கள் யோசிப்பார்கள். ஊருக்கு ஊர் வியாதி வேறு, வைத்தியம் வேறு.

நியூசிலாந்தில் ரோட்டோருவா என்கிற ஊர். சுற்றிலும் எரிமலை துப்பின நுரைக்கல் மண். பியூமிஸ் என்று, கால் தேய்க்க விற்பார்களே, அந்த ஓட்டைக் கல்லின் பொடி. எவ்வளவு மழை பெய்தாலும் சல்லடை மாதிரி இறங்கிவிடும். மழை விட்டதும் ஓட்டலாம். சைக்கிள்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

அமெரிக்காவில் கொலராடோ மலைகளில் நேர் எதிர்ப் பிரச்னை. கிரானைட் பாறை உளுத்துப் பொடிந்து, பூனை மலம் கழிக்கப் பெட்டியில் கொட்டுவார்களே, அந்தக் குருணை மாதிரி கிடக்கிறது. அங்கேயே அதற்குப் பெயரும் அதுதான். பூந்தி உண்டு, பாகு இல்லை. வளைவுகளிலாவது பக்கத்திலிருந்து களி கொண்டு வந்து கலக்க வேண்டும்.

டெக்ஸாஸில் கறுப்புக் களி. உப்பி, வெடித்து, காலில் அப்பிக் கொள்கிற ரகம். மண் விஞ்ஞானிகள் அதை வெர்ட்டிசால் என்கிற இனத்தில் சேர்க்கிறார்கள். கோவில்பட்டிப் பக்கத்து வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம் கரிசலும் அதே இனம்தான். மழை பெய்தால் கரிசல் காட்டில் செருப்பு எத்தனை கிலோ ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். இங்கே மணலைக் கொஞ்சம் தூவினால் போதாது. சேறு மணல் சேறு ஆகும், அவ்வளவுதான். சரியான வைத்தியம் ஒரு போர்டு: 'மழை பெய்திருக்கிறது. பாதை மூடியிருக்கிறது.' காசு செலவில்லாத மருந்து. ஆனால் குடிக்கிறவர்கள் குறைவு.

குறுக்கு வழிக்காரர்கள் எங்கும் உண்டு. சிமென்ட்டைக் கலந்துவிடலாம் என்பார்கள். கெட்டியாக இருக்கும்தான், ஆனால் ஒரு தடவை வெடித்தால் பாளமாகப் பெயரும்; மண்ணைப் போலத் தண்ணீர் தெளித்துத் தட்டிச் சேர்க்க முடியாது. பென்டனைட் களியைக் கலக்கலாம் என்பார்கள். குளத்தில் கசிவை அடைக்கிற களி அது; தண்ணீர் பட்டால் பல மடங்கு உப்பி, வழுக்கு மரம் ஏறுகிற அனுபவத்தைச் சமதரையிலேயே தரும்.

எங்கிருந்தோ லாரியில் மண் வரவழைப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மண் தனியாக வராது, விதையோடும் கிருமியோடும் வரும். நியூசிலாந்தில் கௌரி என்று ஒரு மகா மரம், ஆயிரம் வருஷத்துக்கு மேலும் வாழக் கூடியது. அதன் வேரை அழுகடிக்கிற ஃபைட்டாஃப்தோரா என்கிற கிருமி மண்ணில் பயணம் செய்கிறது. குண்டூசித் தலையளவு மண் போதும் என்று எச்சரிக்கிறார்கள். 2018இல் ஆக்லாந்து பக்கத்தில் வைடாகெரே மலைக் காட்டின் பெரும் பகுதியை மனுஷ நடமாட்டத்துக்கே மூடினார்கள். செருப்பையும் டயரையும் பிரஷ் போட்டுக் கழுவிவிட்டு உள்ளே போகச் சொல்லும் இடங்கள் அங்கே உண்டு. நாம் கோயிலுக்கு முன்னால் கால் கழுவுகிறோம். அவர்கள் மரத்துக்கு முன்னால் கழுவுகிறார்கள்.

அதனால்தான் அந்த டீச்சரம்மாளின் சட்டம் எளிமையானது. மண் வேண்டுமா? முதலில் காலுக்குக் கீழே தேடு. இல்லையா, பத்தடி தள்ளித் தேடு. எடுத்த குழியைக் கட்டையும் இலையும் போட்டு மூடு. அங்கே ஒரு குழி இருந்ததே அடுத்த வருஷம் தெரியக் கூடாது. கலவையில் எது குறைகிறதோ அதை மட்டும், குறைகிற அளவுக்கு மட்டும் வெளியிலிருந்து சேர். கடைசியாக, ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு சட்டம் சொன்னார். ஈரப் பாதையில் உன் டயர் தடம் ஆழமாகப் பதிகிறதா? திரும்பி வீட்டுக்குப் போ. எட்டு பேரின் ஒரு சனிக்கிழமையை ஒருத்தன் ஒரு பிரேக்கில் கிழித்துவிட முடியும்.

பாட்டில் சோதனை செய்து பார்க்கிற வாசகர்கள், மணல் எவ்வளவு, வண்டல் எவ்வளவு, களி எவ்வளவு என்று ஊர் பெயரோடு ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். மண்ணை மட்டும் கவரில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். கிருமி விஷயம் சொல்லியிருக்கிறேன். தவிர, தபால்காரர் பாவம். அவரும் சைக்கிளில்தான் வருகிறார்.